கலாமணியின் நோயாளி நான்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கும் ரப்பர் ஷீட்டின் வாசனை... அதுவும் கோடை மதியத்தில், மின்விசிறி சுற்றியும் காற்று வராத கூடத்தில், டெட்டாலோடு கலந்து வரும் வாசனை. இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் என் கண்கள் தானாக மூடிக்கொள்கின்றன.

ஏனென்றால் நர்சிங் படித்த காலத்தில் பாதி நேரம் நான் நர்ஸாக இல்லை. நோயாளியாகப் படுத்திருந்தேன்!

எங்கள் கல்லூரியில் பயிற்சிக்கு இருந்தது ஆள் உயரத்தில் ஒரே ஒரு பொம்மை. அதுவும் இடுப்பு கழன்று அலமாரிக்குள் நிரந்தர ஓய்வில் இருந்தது. அதனால் ஒருத்திக்கு ஒருத்தி நோயாளி. ஒருத்தி படுக்க வேண்டும். இன்னொருத்தி அவளைக் கட்டிலிலிருந்து இறக்காமலேயே பெட்ஷீட்டை மாற்ற வேண்டும். படுத்திருப்பவள் நினைவில்லாத நோயாளி என்று கணக்கு. கண்ணைத் திறக்கக் கூடாது, விரலை அசைக்கக் கூடாது.

இதில்தான் எனக்குச் சிக்கல். சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் கண்டக்டர் "ரெண்டு டிக்கெட்டுங்களா?" என்று கேலி செய்கிற உடம்பு என்னுடையது. நான்தான் நோயாளி என்றால் எதிரில் நிற்பவளுக்கு முகம் வாடிவிடும். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். உள்ளே வலிக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு, யாருக்கு யார் நோயாளி என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் பெயரை எடுத்தவள் கலாமணி. காரமடைப் பக்கம் ஊர். வகுப்பிலேயே அவள்தான் சின்ன உருவம். என் ஒரு தோளுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்வாள். தேர்வில் ஒருமுறை தவறினாலும் படிப்பு நிறுத்தம், கல்யாணம் என்ற பேச்சோடுதான் அவளை அப்பா அனுப்பியிருந்தார்.

சீட்டைப் பிரித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் உடம்பால் ஒருத்தியின் படிப்பே போய்விடுமோ என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஹாஸ்டல் துணிக்கொடி ஓரமாக அவளைப் பிடித்தேன்.

"கலா, பயப்படாத. நீ இழுக்கறப்ப நான் குதிகால ஊனி லேசா எம்பிக் குடுத்தர்றேன். ஆருக்கும் தெரியாது."

"வேண்டாம் அம்மணி. நெசமான நோயாளி எம்பிக் குடுப்பாங்களா? நீ அசையாமக் கெட."

"என்னைய உன்னால முடியுமா?"

"பலத்தப் போட்டு இழுத்தா முடியாது. இழுத்து எம் முதுகு போயிருச்சுன்னா, நாளைக்கு அடுத்த பெட்டுக்காரங்களுக்கு ஆரு?"

தேர்வு நாள். படுத்தேன், கண்ணை மூடினேன். தேர்வாளர் நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு என் காதருகே கலாமணியின் குரல்...

"ஏனுங்க, நானு கலாமணி. பெட்ஷீட்டு மாத்தோணுங்க. உங்கள எம் பக்கமாத் திருப்பறேனுங்க."

தினமும் என்னை நீ, வா, போ என்கிறவள், நினைவில்லாமல் கிடக்கும் ஒருத்திக்கு அத்தனை மரியாதை வைத்தாள்.

என் கையை எடுத்து மார்புக்குக் குறுக்கே வைத்தாள். முழங்காலை மடக்கி நிறுத்தினாள். ஒரு கை தோளில், ஒரு கை முழங்காலில். அவள் மூச்சைப் பிடிக்கவில்லை, முக்கவில்லை. தன் உடம்பைப் பின்னால் சாய்த்தாள், அவ்வளவுதான்.

நான் திரும்பிவிட்டேன்!

எப்படிச் சொல்ல... என் கனம் முழுக்க எங்கோ போய்விட்டது. ஒரு நொடி மிதந்து, மெல்ல ஒருக்களித்து, அவள் மேல் வந்து சாய்ந்தேன். நான் காலமெல்லாம் வெட்கப்பட்டுச் சுமந்த உடம்பு, அந்தச் சின்னக் கைகளில் அடித்த பஞ்சு மாதிரி இருந்தது.

பழைய பெட்ஷீட் முதுகுக்குப் பின்னால் சுருண்டது. புதியது சில்லென்று வந்தது. மறுபக்கம் திருப்பியபோதும் அதே மென்மை. இது எப்படி, இது எப்படி என்று கண்மூடிக் கிடந்தபடியே வியந்துபோனேன். கண்ணோரம் வழிந்ததைக் கலாமணி பஞ்சால் ஒற்றி எடுத்தாள். "சிரமமா இருக்குதுங்களா?" என்று வேறு கேட்டாள். பதில் சொல்ல முடியாத நோயாளியிடம்!

தேர்வாளர் எழுந்து வந்து பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்தார். "ஒரு சுருக்கம் இல்லைம்மா" என்றார். கலாமணி தப்பித்தாள். இன்றைக்கு அவள் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மருத்துவமனையின் தலைமை நர்ஸ்.

நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. எங்கள் பயிற்சிக் கூடத்துப் பொம்மை இப்போது மூச்சு விடுகிறது, கண் சிமிட்டுகிறது, அதற்கு நாடி துடிக்கிறது. குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தப்புச் செய்து பழக அது நல்ல பொம்மைதான். ஆனால் தன் எடையை நினைத்து அதற்குக் கூச்சம் வராது.

போன வாரம் கல்லூரியில் ஒரு ஆய்வு தொடங்கியது. பொம்மையில் பழகிய மாணவிகள், ஆளை வைத்துப் பழகிய மாணவிகள்... இவர்களில் யாருக்கு முதுகுவலி குறைகிறது, யார் கையில் நோயாளிக்குப் பயம் குறைகிறது என்று பார்க்கிறார்கள். படுக்க ஆள் வேண்டும் என்றார்கள். முதலில் கை தூக்கியது நான்தான். உடம்பு அன்றைக்கு இருந்ததைவிட இப்போது இன்னும் தாராளம்!

எனக்கு வந்த மாணவி ஒல்லிப் பெண். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் கனமா இருப்பேன் கண்ணு" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"நீங்க சும்மா படுங்க மேடம். நான் பாத்துக்கறேனுங்க."

கண்ணை மூடினேன். கை மார்புக்கு வந்தது. முழங்கால் மடங்கியது. "இப்பத் திருப்பறேனுங்க..."

மிதந்தேன். இத்தனை வருடம் கழித்தும், அதே மாதிரி!

ஆய்வு செய்யும் அம்மா டேப்லெட்டோடு பக்கத்தில் வந்தார். "மேடம், எவ்வளவு வசதியா இருந்துச்சு? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

என் கண் வழிந்துகொண்டிருந்தது. தலையணை நனைவதைப் பார்த்து மாணவி பதறிப்போனாள்.

"வலிச்சுப்போச்சுங்களா மேடம்?"

"இல்ல கண்ணு... இன்னொருக்காத் திருப்பு."