மேல் அறை வாடகைக்கு

போன மாதம் எங்கள் பகுதி நூலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த வெள்ளைக்கார நாட்டில் குடியேறிகளுக்கு எதிராக அச்சடித்த சுவரொட்டிகளையும் படங்களையும் கண்காட்சியாக வைக்கிறார்களாம். விளக்கங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும். சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படிப்பிக்கிறவள் என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லுவானேன்.

'வந்தவர்களைத் திருப்பி அனுப்பு' வகைத் துண்டுப்பிரசுரங்களை எல்லாம் விறுவிறுவென்று எழுதி முடித்தேன். வெள்ளையரை மனதுக்குள் திட்டிக்கொண்டு எழுதுவது சுகமான வேலை. பிறகு ஒரு படம். வீட்டு யன்னலில் அட்டை: அறை வாடகைக்கு, கறுப்பர் வேண்டாம். அதைத் தமிழில் எழுதியதும் பேனையை வைத்துவிட்டேன். இதை நான் முன்பும் ஒருமுறை தமிழில் எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேல் அறை காலியானது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கானா நாட்டுப் பெண் அதைக் கேட்டாள். எனக்கு முதுகு பிடித்த நாட்களில் என் பங்குக்கும் சேர்த்து ஆட்களைத் தூக்கி இருத்தியவள். என் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? கறுவலை வீட்டுக்குள்ள விட்டா எங்கட சனம் வாசலுக்கும் வராது."

பழியை அவர் தலையில் போட ஆசைதான். ஆனால் அவர் மறுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதுதான் உண்மை. ஆள் வந்துவிட்டது என்று அவளிடம் கூசாமல் சொன்னேன். அன்று பின்னேரமே தமிழ்க் கடைப் பலகையில் தாள் ஒட்டினேன்: மேல் அறை வாடகைக்கு, கறுவலுக்கு இல்லை. தமிழில்தானே, அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது என்ற துணிச்சல்.

இப்போது கண்காட்சி திறக்கிற நாளில் அவளும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் படத்துக்கு முன்னால் அவளோடு எந்த முகத்தோடு நிற்பது? அதற்கு முன்பே, இல்லத்தில் தேநீர் இடைவேளையில் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"தெரியும்," என்றாள். "அந்த அறைக்கு வந்த தமிழ்ப் பெண்ணை நீதானே இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாய். அவள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தாளாம். என்ன எழுதியிருந்தது என்று அப்போதே சொன்னாள். சிரித்துக்கொண்டு, பகிடியாகத்தான் சொன்னாள்."

"பிறகும் இவ்வளவு காலம் என்னோடு பழகினாயே?"

"வேலை செய்தேன்," என்றாள். கோபம் இல்லை, கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உன்னோடு வேலைதான் செய்தேன்."

அவள் முதியவர்களைப் பார்க்கப் போய்விட்டாள். பன்னிரண்டு வருடமாக அவளை என் சிநேகிதி என்று கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.