போனை முதலில் வைக்காத சித்தி

போனில் பேசி முடிப்பதை ஆங்கிலத்தில் ‘ஹேங் அப்’ என்கிறார்கள். நேர் அர்த்தம் மாட்டித் தொங்கவிடுவது. பழைய காலத்து போன் சுவரில் பதித்த ஒரு மரப்பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருக்கும். காதில் வைத்துக் கேட்கும் குழலைப் பேசி முடித்ததும் அந்தக் கொக்கியில் மாட்டுவார்கள். குழலின் எடைக்குக் கொக்கி கீழே இறங்கி, இணைப்பு அறுந்துவிடும். கொக்கி எப்போதோ ஒழிந்துபோனது. அந்தச் சொல் மட்டும் இன்னும் இருக்கிறது.

இது என் சித்திக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே தெரியவந்தது. துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனியில், பழுது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை.

“அந்தக் கொக்கி கஸ்டமர் கையிலதான் இருக்கு” என்றார் பயிற்சி கொடுத்தவர். “அவங்களா வைக்கிற வரைக்கும் நீங்க லைன்ல இருக்கணும். திட்டினாலும் சரி, தூங்கிட்டாலும் சரி.”

ஒருவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். குறட்டையைக் கேட்டபடி சித்தி அசையாமல் இருந்தார். ஓயாமல் பேசுவதால் மைனா என்று பெயர் வாங்கிய பக்கத்து மேசைக்காரி, “அப்படியே ஒரு தாலாட்டும் பாடிடுடி, பாவம்” என்றாள்.

அந்தப் பழக்கம் சித்தியோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சித்தப்பா இறந்த பிறகு அவருக்கு ஓர் அறையும் சமையல் மூலையும் போதுமானதாக இருந்தது. மகள், எனக்கு அக்கா முறை, வேறு நாட்டில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். பேசி முடித்து “வைக்கட்டுமா?” என்பாள். சித்தி “சரிம்மா” என்றுவிட்டுப் போனைக் காதிலேயே வைத்திருப்பார்.

ஒரு ஞாயிறு அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னும் லைன்லயே இருக்கியாம்மா?”

“நீ வை கண்ணு.”

“ஒவ்வொரு தடவையும் நானே வைக்கணுமா? உன்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு. அன்னிக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடாது.”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லடி.”

“போம்மா. இனிமே மெசேஜ் போடுறேன்.”

சொன்னபடியே செய்தாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று எழுத்தில் வந்தது. சித்தி சாப்பிட்டேன், போட்டேன் என்று பதில் எழுதினார். ஞாயிறுகளில் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இப்படியே போனால் மகளின் குரலே மறந்துவிடுமோ என்று சித்தி பயந்தார்.

விஷயம் தெரிந்ததும் மைனா தலையில் அடித்துக்கொண்டாள். மதிய இடைவேளையில் மாடிப்படிக்குப் போய் அங்கிருந்து சித்தியைக் கூப்பிட்டாள்.

“வை.”

“நீ முதல்ல வையேன்.”

“அடியே, உனக்குப் பாடம் எடுக்கத்தான் பட்டினி கிடக்கிறேன். வைடி!”

சித்தி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். மைனா ஓடிவந்து, “பாரு, உலகம் அழிஞ்சா போச்சு?” என்றாள்.

அடுத்த ஞாயிறு சித்தியே மகளைக் கூப்பிட்டார். புது வாடகை வீடு, ஒழுகும் குழாய், முசுட்டு மேலாளர் என்று பேச்சு நன்றாகவே போனது. தயங்கினால் முடியாது என்று சித்திக்குத் தெரிந்தது. “சரி கண்ணு, துணி ஊறுது. வைக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“என்னம்மா, படக்குனு வெச்சிட்ட?”

“நீதானே வைக்கச் சொன்ன?”

அக்கா சிரித்துவிட்டாள். “சரி போ, துணியைத் துவை. அடுத்த வாரம் கூப்பிடுறேன்.”

“சரிடி” என்று இம்முறையும் சித்தியே முதலில் வைத்தார்.

இப்போது ஞாயிறு தவறாமல் மகள் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் “வைக்கட்டுமா” என்று கேட்ட பிறகும், அவள் பட்டனை அழுத்தும்வரை மறுமுனையில் ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று சித்தி என்னிடம் சொன்னார். நாற்காலி இழுபடும். அலமாரி திறக்கும். தனக்குத்தானே ஒரு பாட்டை முணுமுணுப்பாள். அந்த நேரம் மட்டும் மகளோடு ஒரே வீட்டில் இருப்பது போல இருக்குமாம்.

“இப்ப அது கேக்கறதில்ல” என்றார். “ஆனா பேசுறா. அது போதும்.”

வரும் ஞாயிறும் அவர்தான் முதலில் வைக்கப்போகிறார்.