சட்டைப்பையில் பறந்த சாவி

மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தும்போது அது கையில் அகப்பட்டது. கட்டைவிரல் பருமனில் கறுப்புப் பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் திருகு. சவூதியின் தம்மாமில் நான் வேலை பார்த்த, ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்ட் செய்யும் தொழிற்சாலையில், கணினியின் பிரிண்டர் துளையில் இதைச் செருகினால்தான் தகடு வெட்டும் மெஷின் ஓடும். சாவி என்போம். முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு வாசனை போய்விட்டது, அல்லது என் மூக்குக்கு வயதாகிவிட்டது.

மெஷினை ஓட்டிய புரோகிராம் விண்டோஸ் 98-ஐத் தவிர வேறெதையும் மதிக்காது. அது இருந்த பழைய கணினி தூசி தின்றே செத்தது. புதிய கணினியில் 98 ஏறாது. கணினி இன்சார்ஜ் என்ற பட்டத்தோடு அங்கே உட்கார்ந்திருந்த நான், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருளைக் கொண்டுவந்தேன். உள்ளே குடியேற்றும் சிஸ்டத்துக்கு அதில் 'கெஸ்ட்' என்று பெயர். பொருந்தும் கெஸ்டுகளின் பட்டியலில் 98 இருந்தது. பட்டியலில் இருப்பது வேறு, உள்ளே போய்ப் பிழைப்பது வேறு என்பது விசா வாங்கி வளைகுடாவுக்கு வந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் ஃபோர்மேன் அண்ணனின் லீவு மாட்டிக்கொண்டது. அவர் குமரிக் கடற்கரைக்காரர். ஊர் மாதா கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடினால்தான் பாஸ்போர்ட் கையில் கிடைக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணன் தினமும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "மக்கா, உள்ள கேறிச்சா?" என்பார். கேறும். ஆனால் உள்ளே போன மவுஸ் அம்பு வெளியே வராது. "உனக்க கெஸ்டு நம்ம ரூமுக்கு வந்த மச்சினனக்கூட்டு இருக்கானே, கேறினா எறங்க மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே நகத்தைக் கடிப்பார்.

பிரிண்டர் துளையைக் கெஸ்டுக்கு விட்டுக்கொடுக்கும் வழியைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தேன். மெஷின் வெட்டியது. பாஸ்போர்ட் வந்தது. சாவி தொலைந்தால் வேறு கிடைக்காது, அதைச் செய்த கம்பெனியே மூடியாயிற்று. அந்தப் பயத்தில் அண்ணன் டூட்டி முடிந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், காலையில் வந்து செருகுவார்.

அவர் ஊருக்குக் கிளம்பிய நாள் காலை, சாவி இல்லை என்றது புரோகிராம். கணினியின் பின்புறம் தடவினேன். துளை காலி. மொபைலில் பிடித்தபோது அவர் ஏர்போர்ட்டில் இருந்தார்.

"எம் மாதாவே! பாக்கெட்டுல கெடக்கு மக்கா. திரும்பி வந்துருதேன்."

"வராதீங்கண்ணே. வந்தா பாஸ்போர்ட்ட மறுபடியும் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிருவாரு. பிளேன்ல உக்காந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

திரும்பினால் மேனேஜர். நல்லவேளை, லெபனான்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் ஒரு போன் போட்டால், நாட்டைவிட்டு வெளியேற அண்ணனுக்குக் கொடுத்த எக்ஸிட் விசா ரத்தாகிவிடும்.

"ஷூ முஷ்கில்?" என்ன பிரச்சினை என்று அரபியில் கேட்டார்.

"கெஸ்ட் கம்பாட்டிபிலிட்டி, முதீர்." மேனேஜரை அங்கே முதீர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

அந்தச் சொல்லை அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். நேரத்தைக் கடத்த நான் 98-ஐ முதலிலிருந்து மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். திரையில் நீலப்பட்டை நகர்ந்தது. வாழ்நாளில் முதன்முறையாக, அது இன்னும் மெதுவாக நகரட்டும் என்று வேண்டினேன். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கால் ஃபோர்மேன்."

"சிக்னல் மாஃபி, முதீர்" என்று இல்லாததாகக் கைவிரித்தேன். கைபேசி என் தொடை இடுக்கில் வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது. பட்டை ஓரத்தைத் தொடப்போகும் நேரத்தில், கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"சாவி பிளேன்ல போகுது, முதீர்" என்பதை எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளையும் கலந்து சொன்னேன். அவர் திட்டிய அரபியில் கழுதை மட்டும் புரிந்தது. சாவி வரும்வரை தகடுகளைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். தண்டனையாக நானும் வெட்டினேன். என் டக்ட் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தவில்லை.

ஊரிலிருந்து டூட்டிக்குத் திரும்பிய ஒரு நர்ஸ் அக்கா கையில், நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் சாவி வந்து சேர்ந்தது. கூடவே ஒரு புகைப்படம். வெள்ளை உடுப்பில் சிறுமி, கையில் மெழுகுவர்த்தி. பக்கத்தில் அண்ணன், சட்டைப்பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி.

பிறகு அந்த மெஷினே பழைய இரும்புக்குப் போனபோது சாவி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. இப்போது என் மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை. குப்பைக்கூடைவரை கொண்டுபோய்விட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பால் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், இருக்கிறதா என்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேனோ.