குடிக்காதவரின் தள்ளாட்டம்

என் கணவர் சந்திரனின் கால் முதன்முதலில் தடுமாறியது என் தம்பி மகளின் திருமணத்தில். ஈப்போ நகரக் கல்யாண மண்டபத்தில் மணமக்களை வாழ்த்த மேடையேறியவர், மூன்றாவது படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாராக்கா?" என்று தம்பி என் காதருகே கேட்டான்.

கோலா கங்சார் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் அவர் குடித்தவர்தான். தோட்டம் வீட்டுமனையானதும் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட வந்தார். குடியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. வாடை வராமல் குடிக்கக் கற்றுக்கொண்டார் என்று முடிவு செய்தேன்.

அதன்பின் கண்டதெல்லாம் என் முடிவுக்கே பொருந்தியது. கால்களை அகட்டி நடந்தார். கோப்பையைத் தூக்கினால் தேநீர் சிந்தியது. பேச்சு குழறியது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இழுத்துப் போய், சத்தியம் செய்யச் சொன்னேன்.

"நான் குடிக்கலைலா, சரசு."

நான் அழுதேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சூடத்தில் கைவைத்து, இனி குடிக்கமாட்டேன் என்றார்.

கல்யாணத்திலிருந்து ஒன்பது மாதம் அப்படியே போனது. வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கையைப் பார்க்க வந்த மருத்துவர், அவரைப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நிற்க முடியவில்லை. நர்ஸ் தாங்கிக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள்.

சிறுமூளை (பின்மண்டையில் இருந்து நடையையும் சமநிலையையும் ஒழுங்குபடுத்தும் பகுதி) சுருங்கியிருந்தது. காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எத்தனை மாசமா இப்படி நடக்குறாரு?"

"ஒம்போது மாசம், டாக்டர்."

"ஏம்மா முன்னாடியே வரல?"

கட்டிலில் இருந்து அவர்தான் பதில் சொன்னார்: "எனக்கு ஆஸ்பத்திரின்னா பயம், டாக்டர்."

அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

குணப்படுத்தும் மருந்து இல்லை என்றார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஒரு பெல்ட். உடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதிரும். அதை அணிந்துகொண்டு வீட்டில் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு பிரிவினருக்குச் சரியாக அதிரும் பெல்ட். மறு பிரிவினருக்குச் சாய்வுக்குத் தொடர்பில்லாமல் அதிரும் பெல்ட். யாருக்கு எது என்று முடிவில்தான் சொல்வார்கள்.

"எனக்கு நல்லாயிடுமா?" என்று கேட்டார்.

"சொல்ல முடியாதுண்ணே. இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி," என்றார் உடற்பயிற்சி சிகிச்சையாளர்.

கையெழுத்துப் போட்டார். காலையும் மாலையும் கூடத்துத் தரையில் ஒட்டிய நாடாவின் மேல் நடந்தார். நான் பின்னால் நின்றேன். தொடக்கூடாது, விழுந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். முதல் வாரம் தினமும் பிடித்தேன். மூன்றாம் மாதத்தில் நான் சமைக்கும் குசினியிலிருந்து வாசல்வரை சுவரைத் தொடாமல் நடந்தார்.

முடிவில், அவருடையது தொடர்பில்லாமல் அதிர்ந்த பெல்ட் என்றார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் சிரித்தார்.

"அப்போ நானாத்தான் நடந்தேன்லா."

பயிற்சியே பலன் தந்திருக்கலாம் என்றார் சிகிச்சையாளர். சரியாக அதிர்ந்த பெல்ட் எவ்வளவு உதவியது என்று இனிமேல்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

திரும்பும்போது காரில் கேட்டேன்: "அன்னிக்கே கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமே, குடிக்கலன்னு."

"சொன்னேன், சரசு. நீ அழுதுட்டே."

மன்னிப்புக் கேட்டேன். "விடுலா," என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை.

வீட்டில் ஒருவர் தள்ளாடினால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நோய் நிற்கவில்லை, மெதுவாக முற்றி வருகிறது. என்றாவது சக்கர நாற்காலி வரும் என்று இருவருக்கும் தெரியும். பத்து நிமிடத்தில் நடந்துபோன காய்கறிப் பசாருக்கு இப்போது அரைமணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் நான் முன்னே போய்விடுவேன். இப்போது அவருக்கு அரையடி பின்னால், இடப்பக்கம் நடக்கிறேன்.

தனியாகப் போகும்போதும், சாலையின் விளிம்பு வந்தால் நின்றுவிடுகிறேன், அவர் காலும் இறங்கட்டும் என்று.