சுவரில் விழுந்த வயல்கள்

புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறவனுக்கு முதல் வேலை விளக்கை அணைப்பது. அணைத்த நிமிஷமே கூட்டம் அவனைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடும். பகலில் தூங்கி, பொழுது சாய்ந்தபின் பிழைக்கிறவன் நான். படத்தைச் சரிசெய்வதெல்லாம் யாரும் சொல்லித் தராமல், பொத்தான்களை அமுக்கிப் பார்த்துக் கற்றது. மைக் செட்காரர்களே, ஜெனரேட்டர்காரர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் எரிவாயுக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று கம்பெனி இஞ்சினியர் ஜனங்களுக்குப் படம் காட்டினார். அந்த ஒரு சாயங்காலத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை இவை.

வேட்டிக்கரை

சுவர் வெள்ளை என்று போனில் சொன்னதை நம்பித் திரை கொண்டுபோகவில்லை. போய்ப் பார்த்தால் சமுதாயக் கூடம் முழுக்க நீல பெயிண்ட். நீலத்தில் வயல் எப்படி வயலாகத் தெரியும்? ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புது வேட்டி கொண்டுவந்து சுவரில் திரையாகக் கட்டினார். படம் விழுந்ததும் அடியில் கட்சிக்கரை பளபளத்தது. எதிர்க்கட்சிக்காரர் எழுந்துவிட்டார். படத்தைச் சுருக்கி, கரையில் வெளிச்சம் படாமல் செய்தேன். அவர் உட்காரவில்லை.

"இருட்டுல இருந்தாலும் கரை கரைதாங்க. அது யார் வீட்டு வேட்டின்னு எங்களுக்குத் தெரியாதா?"

கோணல்

மெஷினைத் தாழ்வான ஸ்டூலில் வைத்ததால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழுந்தது. வரைபடத்தின் மேல்கோடியில் இருந்தது கோவிந்தராசு அண்ணன் வயல். கோணலை நிமிர்த்தினேன், மேல்பக்கம் ஒடுங்கியது. படம்தான் ஒடுங்கியது, வயல் அப்படியேதான் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் சுவரிடம் போய் முழம் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சர்வேயர் வந்தாக்கூட ஒரு நாள் ஆகும். நீ உட்கார்ந்த இடத்துலேயே அரை மா நிலத்தை எடுத்துட்டியேப்பா."

பளிச்

"பிரைட்னஸ் ஃபுல்லா இருக்கட்டும். பளிச்சுனு இருந்தாத்தான் ஜனங்க பார்ப்பாங்க" என்று இஞ்சினியர் வந்ததுமே சொல்லியிருந்தார். அப்படியே வைத்தேன். வெளுத்த வரைபடத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு தடித்த கோடு மட்டும் தெரிந்தது. குழாய் புறம்போக்கில்தான் போகிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. சம்மதம் என்றால் கை தூக்குங்க என்றார் இஞ்சினியர். கைகள் எழுந்தன.

ராஜேஸ்வரியக்கா மட்டும் தூக்கவில்லை. நடவுக் கூலிக்குப் போய்ப் பணம் சேர்த்து இரண்டு மா நிலம் வாங்கியவர். "கண்ணு கூசுது தம்பி, கொஞ்சம் குறைங்க" என்றார். வெளிச்சத்தைக் குறைத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். வாய்க்காலிலிருந்து மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஒன்று பிரிந்து வந்தது. அக்காவின் வயலை நட்டநடுவே பிளந்துகொண்டு போனது.

"இந்தக் கோட்டை நீதானேய்யா போட்டே?" என்று முன்வரிசை என்மேல் பாய்ந்தது. மெஷின் கோளாறு என்றார் இஞ்சினியர். நான் வெளிச்சத்தைக் கூட்டினேன், கோடு போனது, குறைத்தேன், வந்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்கா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குறைச்சே வைங்க தம்பி. சார், முதல் படத்துலேருந்து மறுபடியும் காட்டுங்க."

அன்றிலிருந்து வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறவர் எவராக இருந்தாலும், நான் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.