பொங்காத கை

விழிஞ்ஞம் பக்கம் வைசூரி பரவுகிறது என்று வண்டிக்காரர்கள் சொல்லத் தொடங்கிய சமயத்தில்தான் ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு அம்மைப்பால் குத்துகிறவர் வந்தார். முன்பும் அவர் தெருவுக்கு வந்ததுண்டு. அப்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல், இருமல் என்று எதையாவது சொல்லி அம்மா திருப்பி அனுப்பிவிடுவாள். இந்த முறை அப்பா விடவில்லை. என்னையும் தம்பியையும் பிடித்து உட்காரவைத்தார். அந்த மனிதர் எங்கள் கையில் மருந்தைத் தடவி, சின்னக் கத்தியால் கீறிவிட்டுப் போனார்.

தம்பிக்கு நன்றாகப் பொங்கிவிட்டது. கொப்புளம் முத்துப்போல எழும்பி, காய்ச்சலும் வந்தது. அவனுக்குப் பனங்கற்கண்டு, அப்பா மடி, விசிறி எல்லாம் கிடைத்தன. எனக்கு மறுநாளே கொஞ்சம் சிவந்து அரித்தது, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. பொங்கினால்தான் மருந்து பிடித்ததாக அர்த்தம் என்று தெருப் பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். காட்டுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

பொங்கியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி வந்த அதே மனிதர், மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று என் மறு கையிலும் குத்தினார். அதுவும் அப்படியே அடங்கியது. மூன்றாம் முறை வந்தபோது என்னை வெளிச்சத்துக்கு இழுத்து, கூந்தலை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்னக் குழிகளை விரலால் தடவினார். பிறகு அம்மாவிடம் பாதி மலையாளத்தில் கேட்டார்.

"இந்தக் குட்டிக்குப் பண்டு வைசூரி வந்ததல்லே?"

"இல்லை. அப்படி ஒண்ணும் வரல்ல" என்றாள் அம்மா.

எங்களோடு இருந்த அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். குத்துகிறவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தரம் வந்து பிழைத்தவரை அது மறுபடி தொடாது, மருந்தும் அதனால்தான் பொங்கவில்லை, சந்தோஷப்படுங்கள் என்றுதான் சொன்னார். அம்மா என்னை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவ எம் பிள்ளை. நான்தான் பெத்தேன்."

அதை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரே குழப்பம். அவருக்கும் குழப்பம்தான் போலிருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அத்தை சொன்னாள். என்னைப் பெற்றவள் அம்மாவின் அக்காள். அவளும் அவள் புருஷனும் திருநெல்வேலியில் ஒரே வைசூரியில் போய்விட்டார்கள். அந்த வீட்டு வாசலை மிதிக்க ஊரில் ஒருவரும் துணியாதபோது, புதுப்பெண்ணாக இருந்த அம்மா உள்ளே போய், மேலெல்லாம் கொப்புளத்தோடு கிடந்த என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். அம்மைப்பால் குத்தியிராத அவளை நோய் ஏன் விட்டுவைத்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை.

ஆனால் குத்துகிறவர் எழுந்துபோன அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி கை பொங்கியது, என் கை பொங்கவில்லை என்பதுதான். அம்மா வயிற்றில் பிறந்தவர்களுக்குத்தான் அந்த மருந்து பொங்கும்போலிருக்கிறது, அதனால்தான் அம்மா அப்படிச் சொல்லவேண்டி வந்தது என்று நானாக முடிவுகட்டினேன். பொங்கவைத்துவிட்டால் போயிற்று. அடுக்களையில் வற்றல் மிளகாய் ஒன்றை எடுத்து, கீறிய இடத்தில் அழுத்தித் தேய்த்தேன்.

என் அலறல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். அடிக்கவில்லை. மோரை ஊற்றிக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவினாள். பொங்கியிருக்கிறதா என்று விக்கலுக்கு நடுவே கேட்டேன்.

"பொங்க வேண்டாம்ட்டி. ஒனக்கு எல்லாம் வந்துட்டுப் போயாச்சு" என்றாள். சொல்லிவிட்டு என்னைவிட அதிகமாக அழுதாள்.

காலையில் வரவே இல்லை என்றவள் சாயங்காலம் வந்துபோயிற்று என்கிறாள். எரிவதோ என் கை, அழுவதோ அம்மா. இனிமேல் மிளகாயைத் தொடமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.