மீசைக்காரனுக்கு அனுமதிக் கடிதம்

பிறர் உருவாக்கிய உருவத்தை அவர்களுடைய எழுத்து அனுமதி இல்லாமல் கடைச் சுவரில் வரையக் கூடாது என்பது நகராண்மைக் கழக விதி. மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் வரைந்திருந்தது, வீடியோ கேமில் குதித்துக் குதித்து ஓடும் சிவப்புத் தொப்பி மீசைக்காரனை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த மெலிந்த மனிதர். தினமும் கடை திறந்ததும் அந்த மீசைக்குக் கொஞ்சம் கறுப்புச் சாயம் தொட்டு வைப்பார்.

கழகத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து நான் நோட்டீஸோடு போனேன். "அழிச்சிடுங்க" என்றேன்.

"பாஸ், கத்தரிக்கோலப் பார்த்தாலே பிள்ளைங்க அலறுதுங்க. முருகன் படம் மாட்டினேன், அழுகை நிக்கல. வாயத் தொறந்து புள்ளியெல்லாம் தின்னுமே மஞ்சள் உருண்டை, அத வரைஞ்சேன், பாதிப் பேர் அடங்கினாங்க. இவனப் பார்த்தா மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம்ம பிள்ளை எல்லாம் கப்சிப் லா!"

அனுமதி கேட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நடவடிக்கை எடுக்க முடியாது என்பதும் விதிதான். மீசைக்காரனை உருவாக்கிய ஜப்பான் நிறுவனத்துக்கு அவர் பெயரில் அனுமதி கேட்டு நானே தட்டச்சு செய்து, கப்பல் தபாலில் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்புவதை மட்டும் மறந்துவிட்டேன்.

நான்கு வருடம் பிள்ளைகள் அழாமல் முடி வெட்டிக்கொண்டார்கள். 'அனுமதி இல்லை' என்ற பதில் வந்தது, பெர்மிட் முடிந்து அவர் தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறிய மறுநாள்.